சத்தமில்லாத சக்கரமும் ஒரு பேராசிரியையும்

பேராசிரியையின் வகுப்பில் சேருகிறவர்கள் முதல் வாரமே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவிட வேண்டும். கணினி, கைப்பேசி எதுவும் அங்கே செல்லாது. பக்கத்துக்கு ஓர் ஆள் என்ற கணக்கில் முன்பின் தெரியாத நாற்பது பேரைத் தேடிப் போய்ப் பேசி, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வர வேண்டும். தொழில் தொடங்க ஒரு யோசனை வைத்திருப்பவர் அந்த யோசனையைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. "கடைசியா எப்ப இப்படி ஆச்சு, அப்ப என்ன பண்ணீங்க?" என்று மட்டும் கேட்கலாம். ஆர்வக்கோளாறில் யாராவது எதிராளியிடம் தன் யோசனையை உளறிவிட்டால் அந்தப் பக்கத்துக்கு மதிப்பு கிடையாது. பேராசிரியை நோட்டைப் புரட்டிக்கொண்டே வருவார். அப்படி ஒரு பக்கம் கண்ணில் பட்டால் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்ப்பார்.

"கிழி."

எழுதியவரே எல்லார் முன்பும் கிழிக்க வேண்டும். வயதுக்கு மரியாதை கொடுத்து வாங்க, போங்க என்று பேசுகிற பேராசிரியை அந்த ஒரு வார்த்தையில் மட்டும் யாருக்கும் மரியாதை பார்த்ததில்லை. வங்கி மேலாளர் வேலையை உதறிவிட்டு வந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ஒரே மாலையில் பதினேழு பக்கம் கிழித்திருக்கிறார். மாணவர்கள் அவருக்குக் 'கிழியம்மா' என்று பெயர் வைத்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியது. "பரவாயில்லையே, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த நோட்டை எடுத்தார்.

இந்த விதி ஒன்றும் வானத்திலிருந்து குதித்ததில்லை. இருபத்துநான்கு வயதில் அவர் ரயில் நிலைய வாசலில் குடை வாடகைக் கடை ஒன்று போட்டார். திடீர் மழையில் மாட்டிக்கொள்கிறவர்கள் குடையை எடுத்துப் போக வேண்டியது, மறுநாள் வேலைக்கு வரும்போது திருப்பித் தர வேண்டியது. கடை போடும் முன் தோழிகள், பெரியப்பா பிள்ளைகள், கூட வேலை பார்த்தவர்கள் என்று எல்லாரிடமும் கேட்டார். கேட்டார் என்ன கேட்டார், கைகளை ஆட்டி ஆட்டி விவரித்தார். அத்தனை பேரும் "சூப்பர் ஐடியாடி!" என்றார்கள். முதல் மழைக்கே அறுபது குடையும் பறந்துவிட்டன. மறுநாள் பளிச்சென்று வெயில். வெயிலில் குடையைத் தூக்கிக்கொண்டு நடக்க யாருக்கும் மனம் வரவில்லை. அடுத்த மழைக்கு ஜனங்கள் ஓடி வந்தபோது கொடுக்க ஒரு குடை இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், சூப்பர் ஐடியா என்று சொன்னவர்களில் ஒருவர்கூடக் கடைப்பக்கம் வரவில்லை. அவர்களிடம்தான் சொந்தக் குடை இருந்ததே.

வேறொருவராக இருந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பார். இவர் வாடகைச் சீட்டில் இருந்த விலாசங்களைப் பார்த்து, குடை எடுத்துப் போனவர்களின் வீடு வீடாகப் போனார். குடையைத் திரும்ப வாங்கத்தான் போனார், ஆனால் இரண்டாவது வீட்டிலேயே குடை மறந்துபோயிற்று. கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், பக்கத்து வீட்டுப் பையனின் முதுகுப்பையில் என்று குடைகள் கிடந்த இடங்களையும், அவை அங்கே போய்ச் சேர்ந்த விதத்தையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். மனிதர்கள் வாயால் சொல்வது ஒன்று, கையால் செய்வது இன்னொன்று என்று தெரிந்துகொண்டபோது அவருக்குக் கடை போனதே பெரிதாகத் தெரியவில்லை. இதைப் படிக்க ஓர் இடம் இருந்தால் படிக்கலாமே என்று தோன்றியது. மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டார்.

கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தொழில்முனைவு என்று ஒரு பாடம் நடத்தப் போகிறேன் என்றதும் அப்போதைய துறைத்தலைவர் சிரித்தார்.

"தொழில் பண்றதை வகுப்புல சொல்லித்தர முடியுமாம்மா? நீச்சலைப் போர்டுல வரைஞ்சு சொல்லித்தர்ற மாதிரி இருக்கு."

"அதுக்குத்தான் சார், நான் அவங்களைத் தண்ணிக்கே அனுப்பப் போறேன்."

நகலெடுக்கும் இயந்திரம் இருந்த அறையைத்தான் கொடுத்தார்கள். இயந்திரத்தின் சூட்டில் பதினோரு மாணவர்கள் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்கள். நடுநடுவே யாராவது கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஒரே ஒரு பக்கம் மேடம்" என்று நகல் எடுத்துப் போவார்கள். அப்படி வருகிறவர்களையும் பேராசிரியை விடவில்லை. "கடைசியா இந்த மெஷின் எப்ப மக்கர் பண்ணுச்சு, அப்ப என்ன பண்ணீங்க?" என்று நிறுத்திவைத்து மாணவர்களைக் கேட்கச் சொன்னார். மூன்றாவது வருடம் பதினொன்று அறுபதாயிற்று. துறைத்தலைவர் பெரிய அறையின் சாவியை அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டிலும் இதே கதைதான். மகள் ஏழு வயதில் நாய் வேண்டும் என்று அடம் பிடித்தாள். "நாய் வளர்க்கிற பத்து பேர்கிட்டக் கேட்டுட்டு வா" என்று அனுப்பினார். நாலாவது வீட்டிலிருந்து திரும்பி வந்த மகள், மீன் போதும் என்று சொல்லிவிட்டாள். கணவர் பல் மருத்துவர், வாய்த்துடுக்குக்காரர். "என்கிட்ட வர்றவங்க வாயைத் திறந்துக்கிட்டே பேச முடியாம இருப்பாங்க. உன்கிட்ட வர்றவங்க மூடவே முடியாம பேசுவாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான்" என்பார்.

பேராசிரியையின் பெயரை நாலு பேர் அறியச் செய்தது ஒரு சக்கரம். முப்பத்தொரு வயதில், ஆராய்ச்சிப் பட்டத்துக்காக அவர் ஒரு லேத் பட்டறைக்காரரைப் பேட்டி எடுத்தார். அந்த மனிதர் மருத்துவமனை ஸ்ட்ரெச்சர்களுக்குச் சத்தமே போடாத ரப்பர் சக்கரம் ஒன்றைச் செய்திருந்தார். இரும்புச் சக்கரங்களின் கடகடச் சத்தத்தில் நோயாளிகள் தூக்கமில்லாமல் புரள்வதைப் பார்த்து மனம் தாளாமல் அவர் அதைக் கண்டுபிடித்தார் என்று பேராசிரியை எழுதினார். பிறர் படும் வேதனையைக் கவனிப்பதே புத்தாக்கத்தின் முதல் படி என்பது கட்டுரையின் பாடம். கட்டுரை அச்சில் வந்தது. பிறகு அது வகுப்பில் அலசுவதற்கான 'கேஸ்' ஆயிற்று, எழுபது கல்லூரிகளுக்குப் போயிற்று, வேறு மொழிகளுக்கும் போயிற்று. பட்டறைக்காரர் சக்கரக்காரர் என்று பெயர் வாங்கிப் பெரிய தொழிற்சாலை கட்டினார். பேராசிரியை துணைப் பேராசிரியர், இணைப் பேராசிரியர் என்று படி ஏறி, ஐம்பத்தேழு வயதில் புதிதாகக் கட்டிய புத்தாக்க மையத்தின் தலைவராகவும் ஆனார். மையத்தின் நுழைவுச் சுவரில் அந்தக் கேஸின் முதல் பத்தியை எழுத்து எழுத்தாகக் கல்லில் வெட்டியிருந்தார்கள். திறப்பு விழாவுக்குச் சக்கரக்காரரே சிறப்பு விருந்தினர். விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் மாலை வகுப்பில் தலைமை நர்ஸ் ஒருவர் எழுந்து நின்றார். நாற்பத்துமூன்று வயது, இருபது வருடம் வார்டில் நின்று பழகியவர். உட்கார்ந்து பேசவே அவருக்கு வராது. மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களுக்கு ஏதாவது கருவி செய்யலாம் என்ற யோசனையோடு வகுப்பில் சேர்ந்து, முப்பத்தைந்து பேரைப் பார்த்து முடித்திருந்தார்.

"மேடம், முப்பத்தோராவது ஆள்கிட்ட ஒரு சிக்கல்."

"படிங்க."

நர்ஸ் நோட்டைப் பிரித்தார். எழுபது வயதுப் பெண்மணி, முப்பது வருடம் வார்டு பெருக்கி ஓய்வு பெற்றவர். அவர் சொன்னதை நர்ஸ் சொன்னபடியே எழுதியிருந்தார்.

"ஸ்ட்ரெச்சர் வண்டிச் சக்கரத்துல முடி, நூலு, பஞ்சு எல்லாம் சுத்திக்கும். வண்டியைக் கவுத்துப் போட்டு பிளேடால அறுத்து எடுக்கணும். வாரத்துக்கு ஒருத்தி விரலை வெட்டிக்குவா. நான்தான் லேத் பட்டறை வெச்சிருந்த என் தம்பிகிட்டச் சொன்னேன், கட்டைவிரலால அமுக்கினா சக்கரம் கழண்டு வரணும்டா, குழாய்ல கழுவிட்டு மாட்டிடணும்னு. துணி துவைக்கிற சோப்பைச் செதுக்கி மாதிரி செஞ்சும் குடுத்தேன். கழட்டி மாட்ட வசதியா இருக்கட்டும்னு ரப்பர்ல செஞ்சான். சத்தம் நின்னதெல்லாம் தானா நடந்தது, அதை யாரும் கேக்கல."

அறையில் அறுபது பேர் இருந்தார்கள். அறுபது பேரும் சக்கரக் கேஸைப் படித்துப் பரீட்சை எழுதியவர்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"நீங்க உங்க யோசனையை அவங்ககிட்டச் சொன்னீங்களா?" என்று பேராசிரியை கேட்டார்.

"இல்ல மேடம். சக்கரம்ங்கிற வார்த்தையே என் வாயிலேர்ந்து வரல. 'வேலையில கடைசியா எப்ப கஷ்டப்பட்டீங்க'ன்னுதான் கேட்டேன்."

பேராசிரியை அந்த நோட்டைக் கையில் வாங்கி இரண்டு தடவை படித்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. இருபத்தைந்து வருடத்தில் அவர் பார்த்த பக்கங்களிலேயே சுத்தமான பக்கம் அது. "நல்ல பக்கம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். "அவங்க விலாசம் வேணும்."

மறுநாள் காலை அவர் ஒரு புது நோட்டோடு போனார். மூன்றாவது மாடி, இரண்டு அறை வீடு. மேசை விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துவிடப்பட்டிருந்தது, தரை கண்ணாடியாக மின்னியது. வேலையில் ஓய்வு பெற்றாலும் கை ஓய்வு பெறவில்லை போலும். அக்கா என்றே அவரைச் சொல்லலாம், அந்தக் கட்டடத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பேராசிரியைக்கு நெஞ்சுக்குள் நூறு கேள்விகள் முட்டிக்கொண்டு நின்றன. அத்தனையும் பதிலைத் தானே சொல்லிக்கொடுக்கிற கேள்விகள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு ஒன்றை மட்டும் கேட்டார்.

"அந்தச் சக்கரத்தைக் கடைசியா எப்பக் கையில எடுத்தீங்க?"

"ரிட்டயர் ஆன அன்னிக்கு. ஒண்ணைக் கழட்டிக் கைப்பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். திருட்டுதான். அதுக்கென்ன இப்ப?" அக்கா எழுந்து போய் அலமாரியிலிருந்து எடுத்துவந்து மேசையில் வைத்தார். கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினார். பட்டென்று கழன்றது. "முப்பது வருஷத்துல நான் செஞ்சது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் பெருக்கினேன், அடுத்த நாளே குப்பையாச்சு."

பேராசிரியை எழுதிக்கொண்டார். அக்கா தானாகவே தொடர்ந்தார்.

"அப்பனும் ஆத்தாளும் வேலைக்குப் போனப்ப அவனை இடுப்புல தூக்கி வளர்த்தவ நான். அவன் புது ஆபீஸ் திறந்தப்ப ஆசையாப் போனேன். வாசல்லயே பெருசா சட்டம் போட்டு ஒரு பேப்பரை மாட்டியிருந்தான். எழுத்துக்கூட்டிப் படிச்சேன். நோயாளி இருக்காங்க, டாக்டர் இருக்காங்க, அவன் நல்ல மனசு இருக்கு. நான் எங்கயுமில்ல. கூடப்பிறந்தவளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு வாய் வரல. அன்னிக்குத் திரும்பினவதான். இருபத்தஞ்சு வருஷமா அவன் வீட்டுப் படி மிதிக்கல. அவன் பொண்ணு கல்யாணத்துக்கும் போகல."

"அந்தப் பேப்பரை எழுதினது நான்தான்" என்றார் பேராசிரியை.

"தெரியும். நர்ஸம்மா சொன்னா." அக்கா சக்கரத்தைத் திரும்ப மாட்டினார். "நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சரம்மா. அவன் சொன்னதைத்தானே எழுதியிருப்பீங்க."

வெளியே வந்து படி இறங்கும்போது அந்தக் கடைசி வாக்கியம் பேராசிரியையைப் பிடித்துக்கொண்டே வந்தது. அவன் சொன்னதைத்தானே எழுதியிருப்பீர்கள். அப்படித்தானா? பேட்டியின் ஒலிநாடா வீட்டில் எங்கோ இருக்க வேண்டும். ஆராய்ச்சிக் காலத்து ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட அவர் தூக்கிப் போட்டதில்லை. மேல் அலமாரியில் நாலாவது பெட்டியில் நாடா கிடைத்தது. கணவரின் மருத்துவமனையில் நோயாளிகளின் பயம் தெளியப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த பழைய டேப் ரெக்கார்டர் இன்னும் ஓடியது. சனிக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் இருவரும் அதன் முன் உட்கார்ந்தார்கள்.

முதலில் லேத் இயந்திரத்தின் இரைச்சல். பிறகு இளமையான, உற்சாகமான, தன்மேல் கொஞ்சமும் சந்தேகமில்லாத ஒரு பெண்குரல்.

"எப்படி ஆரம்பிச்சீங்க சார் இதை?"

"அது வந்தும்மா, எங்க அக்கா ஆஸ்பத்திரில வேலை பாக்குறாங்க. அவங்க ஒரு நாள் சோப்பைச் செதுக்கி..."

"இருங்க சார், அதுக்கு அப்புறம் வரலாம். நோயாளிங்க தூக்கம் கெடுதுன்னுதானே இதைப் பண்ணீங்க?"

லேத் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது.

"ஆமாம்மா... அப்படியும் சொல்லலாம்."

"ரொம்ப நல்லது!"

பேராசிரியை கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். பத்து நிமிடம் கழித்து அந்த மனிதர் மறுபடி முயன்றார். "இந்த அமுக்கு இருக்கு பாருங்க, இது எங்க அக்கா சொன்ன..." என்று தொடங்கினார். பெண்குரல், "அது டிசைன் விவரம் சார், நான் பெரிய விஷயத்துக்கு வர்றேன்" என்று வெட்டியது. முடியப்போகும் நேரத்தில் மூன்றாவது தடவை. "அம்மா, எங்க அக்காவைப் பத்திச் சொல்லணும்." இதற்குப் பெண்குரல் மிகவும் கனிவாகப் பதில் சொன்னது. "குடும்பத்தோட ஒத்துழைப்பு பத்திக் கடைசியில தனியாக் கேக்கறேன் சார்." கேட்பதற்குள் நாடா தீர்ந்துவிட்டது.

குடைக் கடையில் பட்ட பாட்டுக்குப் பிறகும், விதியை மாணவர்களுக்கு வைத்தவர் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. சரக்கை விற்கப் போகிறவன்தான் யோசனையை உளறுவான், ஆராய்ச்சிக்குப் போகிறவருக்கு அந்த வியாதி வராது என்று நினைத்திருந்தார். தன் ஆராய்ச்சிக் கருத்தைத் தூக்கிக்கொண்டு போய், ஒரு நல்ல மனிதரின் தலையில் கட்டிவிட்டு வந்திருந்தார். அவரும் மரியாதைக்காகத் தலையாட்டியிருந்தார். பேராசிரியைக்கு வெட்கமாக இருந்தது, காது மடல்கள்கூடச் சுட்டன. அந்தக் கண்ணாடித் தரை வீட்டில் இருபத்தைந்து வருடம் ஒருத்தி தம்பியைத் திருடன் என்று நினைத்துக்கொண்டு இருந்ததை நினைக்க நினைக்க அழுகை வந்தது, அழுதார்.

கணவர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"இந்த மாதிரி ஒரு பக்கம் வந்தா வகுப்புல என்ன சொல்லுவே?"

"கிழின்னுதான்."

"அப்ப என்ன யோசனை?"

"யோசனை ஒண்ணுமில்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வேலை இருக்கு."

திங்கட்கிழமை கல்லூரி இயக்குநரின் அறையில் நின்றார். இயக்குநர் நல்லவர், ஆனால் விழா நெருங்கினால் நல்லவர்களுக்கும் தலை சுற்றும்.

"மேடம், எழுபது கல்லூரியில பாடமா இருக்கு. சுவத்துல வெட்டியாச்சு. ஏதோ சின்ன விவரம் மாறியிருக்கு, அவ்வளவுதானே? பாடம் சரிதானே?"

"பாடம்தான் சார் தப்பு. நோயாளியைப் பாத்துப் பரிதாபப்பட்டு யாரும் எதையும் கண்டுபிடிக்கல. வேலை செஞ்ச ஒருத்தி, தன் கை வெட்டுப்படுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதை எழுபது கல்லூரிக்கும் நான் மறைச்சிருக்கேன்."

"விழா முடியட்டுமே. அப்புறம் மெதுவா ஒரு திருத்தம் போட்டுக்கலாம். உங்க பேருக்காகத்தான் சொல்றேன். இத்தனை வருஷம் கட்டின பேரு."

"என் பேரை நான் பாத்துக்கறேன் சார். நீங்க சுவத்தைப் பாத்துக்குங்க."

பயமே இல்லை என்றால் அது பொய். அந்தக் கேஸை நம்பிப் புத்தகம் எழுதியவர்கள் இருந்தார்கள், அதை மேற்கோள் காட்டிப் பதவி உயர்வு வாங்கியவர்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் இனி என்ன சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே மூச்சில் கடிதம் எழுதினார். கேஸைத் திரும்பப் பெறுகிறேன், தவறு பேட்டி எடுத்தவருடையது, பேட்டி கொடுத்தவருடையதில்லை, புதிய கேஸ் ஆறு மாதத்தில் வரும் என்று ஒன்பதே வரி. எழுபது கல்லூரிகளுக்கும் அன்றே அனுப்பினார். பிறகு சக்கரக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

நாடாவைப் பற்றி அவர் சொல்லி முடித்தார். மறுமுனையிலிருந்து வயதான அந்தக் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"அப்ப நான் சொன்னேனாம்மா?"

"மூணு தடவை சொல்ல வந்தீங்க சார். மூணு தடவையும் நான் விடல."

"நான் சொல்லவே இல்லன்னுல்ல இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன்." அவரே தொடர்ந்தார். "அந்த நாடாவை விழாவுல போடுங்கம்மா. எல்லாரும் கேக்கட்டும். அக்கா வந்தா நல்லா இருக்கும். வர மாட்டாங்க."

அக்காவை அழைத்து வருவது என் பொறுப்பு என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டார். இருபது வருடம் வார்டில் அடம்பிடித்தவர்களையெல்லாம் மருந்து குடிக்க வைத்தவர் அவர். அவன் வருகிற இடத்துக்கு வர மாட்டேன் என்றார் அக்கா. கதவுப் பக்கத்து நாற்காலி, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விடலாம் என்று நர்ஸ் பேரம் பேசினார். உங்களைப் பற்றி ஒரு பழைய பேச்சு நாடாவில் இருக்கிறது, எல்லார் முன்பும் போடலாமா என்றும் கேட்டார்.

"நல்லதா, கெட்டதா?"

"நல்லது அக்கா."

"அப்ப ஊருக்கே கேக்கட்டும்" என்று அக்கா நல்ல புடவை ஒன்றை எடுத்துத் தேய்க்கக் கொடுத்தார்.

விழா அன்று அரங்கில் முந்நூறு பேர். நுழைவுச் சுவரை இயக்குநர் ஒரு பெரிய துணியால் மூடிவைத்திருந்தார். மனிதர் கடைசியில் சொன்னதைச் செய்துவிட்டார். சக்கரக்காரர் முதல் வரிசையில் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில், கதவை ஒட்டி, நர்ஸுக்குப் பக்கத்தில் அக்கா. தம்பி எங்கே இருக்கிறான் என்று பார்க்காமலிருக்க அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியை டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு மேடையேறினார். நாற்பது நிமிட உரை என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தது.

"நான் எழுதின கேஸ் ஒண்ணை நீங்க எல்லாரும் படிச்சிருப்பீங்க. அது தப்பு. தப்புப் பண்ணும்போதே அது பதிவாகியிருக்கு. நான் விளக்கம் சொன்னா அதுல மறுபடியும் என் யோசனை கலந்துடும். அதனால நீங்களே கேளுங்க."

ஒலிவாங்கியை ரெக்கார்டரின் முன் வைத்துப் பொத்தானை அமுக்கினார். மூன்று இடங்களையும் அடுத்தடுத்து வருமாறு கணவர் இன்னொரு நாடாவில் பதிந்து கொடுத்திருந்தார். முதல் குறுக்கீட்டுக்கு அரங்கம் திகைத்தது. இரண்டாவதற்கு அவருடைய பழைய மாணவர்கள் அங்கங்கே களுக்கென்றார்கள். 'குடும்பத்தோட ஒத்துழைப்பு' வந்தபோது முந்நூறு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். மேடையில் நின்றுகொண்டு அதைக் கேட்பது பேராசிரியைக்குச் சுகமாக இல்லை, ஆனால் அசையாமல் நின்று கேட்டார்.

சிரிப்பு அடங்குமுன் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய்!"

எல்லாரும் திரும்பினார்கள். அக்கா எழுந்து நின்றிருந்தார்.

"சொல்ல வந்திருக்கியேடா!"

சக்கரக்காரர் முதல் வரிசையில் எழுந்து திரும்பினார். நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற மனிதர், வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போல நின்றார்.

"மூணு தடவை வந்தேன்க்கா. அந்தம்மா எங்க பேச விட்டாங்க!"

அரங்கம் மறுபடி குலுங்கியது. அக்கா சிரிக்கவில்லை.

"அவங்க விடல, சரி. நம்ம வீட்டுக்கு வந்து என்கிட்டச் சொல்றதுக்கு என்னடா?"

அரங்கில் சிரிப்பு நின்றுபோயிற்று.

"அச்சுல வேற மாதிரி வந்துடுச்சுக்கா. படிச்சவங்க எழுதினது. எல்லாரும் அதையே சொன்னாங்க, நானும் அதையே சொன்னேன். போகப்போக எது நடந்ததுன்னு எனக்கே தெரியல. அந்தப் பேப்பரை மாட்டின அன்னிக்கு நீ படிச்சிட்டுத் திரும்பிப் போனதைப் பாத்தேன். என்ன முகத்தை வெச்சுக்கிட்டு வருவேன்?"

அக்கா நாற்காலிகளுக்கு நடுவே மெதுவாக நடந்து வந்தார். நர்ஸ் பின்னாலேயே வந்தார். தம்பியின் அருகில் வந்ததும் அக்கா நின்று, அவர் சட்டையின் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டார்.

"உன்னைத் திருடன்னு நினைச்சுட்டேன்டா" என்றார்.

சக்கரக்காரர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா மேடையை நிமிர்ந்து பார்த்தார்.

"டீச்சரம்மா, அதை இன்னொரு தடவை போடுங்க. இவன் 'எங்க அக்கா'ன்னு சொல்ற இடம் மட்டும் போதும்."

பேராசிரியை நாடாவைப் பின்னால் ஓட்டினார். லேத் இரைச்சல் எழுந்தது, அதற்கு மேலாக ஓர் இளைஞனின் குரல் எங்க அக்கா ஆஸ்பத்திரில வேலை பாக்குறாங்க என்று சொன்னது, அவங்க ஒரு நாள் சோப்பைச் செதுக்கி என்றது. தன் குரல் வருவதற்கு ஒரு நொடி முன்னால் பேராசிரியை பொத்தானை அமுக்கி நிறுத்தினார்.